கல்லூரி ஃபுட்பால்: சம்பளம் வந்துவிட்டது, பேசும் உரிமை வரவில்லை

2025 ஜூலை 1 முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கத் தொடங்கியிருக்கின்றன. எதைச் செய்ததற்காகப் பல தலைமுறைகளாக வீரர்களைத் தடை செய்தார்களோ, பரிசுகளைப் பறித்தார்களோ, ஒரு பல்கலைக்கழகத்தின் அணியையே முழுப் பருவத்துக்கும் மூடினார்களோ, அதே செயல் இன்று நீதிமன்றம் ஒப்புதல் அளித்த நடைமுறை ஆகிவிட்டது. ஆனால் பணம் வந்த பிறகும் வழக்குகள் குறையவில்லை. கல்லூரி ஃபுட்பாலை ஆள்வது யார் என்ற சண்டை முன்பைவிட மும்முரமாகியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது என் கருத்து. விளையாடுகிறவர்களின் பிரதிநிதிகளை எதிரே உட்காரவைத்துப் பேசி, இரு தரப்பும் கையெழுத்திடும் ஓர் ஒப்பந்தத்தை எழுத இந்த விளையாட்டை நடத்துகிறவர்கள் இன்றுவரை சம்மதிக்கவில்லை. அதைத் தவிர்ப்பதற்காக அவர்கள் எடுத்த ஒவ்வொரு முயற்சியும் இன்னொரு சிக்கலில்தான் போய் முடிந்திருக்கிறது.

நான் வசிக்கும் மிச்சிகன் மாநிலத்தில் இந்த விளையாட்டைப் பார்க்காமல் இருக்க முடியாது. இங்கே ஃபுட்பால் என்றால் நாம் அறிந்த கால்பந்து அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் மோதியும் ஆடும் அமெரிக்க விளையாட்டு. ஆன் ஆர்பர் நகரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் எதிரே இருக்கும் கோல்ஃப் மைதானம்கூடக் கார் நிறுத்துமிடமாகிவிடும். வயதானவர்கள் பேரப்பிள்ளைகளோடு காலையிலேயே வந்து, காருக்குப் பின்னால் அடுப்பு வைத்துச் சமைத்துச் சாப்பிட்டு, பிற்பகலில் உள்ளே போவார்கள். அந்த அன்பு உண்மையானது. அதை நான் மதிக்கிறேன். அந்த அன்பின் மீது எழுப்பப்பட்ட வியாபாரத்தில், மைதானத்தில் மோதிக்கொள்ளும் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு என்ன இடம் என்பதே இங்கே கேள்வி.

கல்லூரி விளையாட்டுகளின் ஆட்சி அமைப்பான என்.சி.ஏ.ஏ. பிறந்ததே உயிரிழப்புகளால்தான். 1905-இல் மைதானத்தில் நிகழ்ந்த மரணங்கள் நாட்டையே உலுக்கியபோது, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைச் சீர்திருத்தச் சொன்னார். அதன் தொடர்ச்சியாக 1906-இல் ஓர் அமைப்பு உருவாகி, 1910-இல் இன்றைய பெயரைப் பெற்றது. வீரர்களின் பாதுகாப்புக்காக உருவான அமைப்பு, அடிபட்ட வீரருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி வந்தபோது எந்தப் பக்கம் நின்றது என்பதைப் பார்த்தால் பின்னால் நடந்தவை பெரும்பாலும் விளங்கிவிடும்.

1950-இல் டென்வர் பல்கலைக்கழக அணியின் எர்னஸ்ட் நெமெத் பயிற்சியில் முதுகில் அடிபட்டார். பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் மைதானங்களைப் பராமரிக்கும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ஃபுட்பால் அணியில் இருக்கும்வரைதான் அந்த வேலை. ஆகவே அவர் பல்கலைக்கழகத்தின் தொழிலாளர், அவருக்கு இழப்பீடு உண்டு என்று கொலராடோ உச்ச நீதிமன்றம் 1953-இல் தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி தனக்குச் சேரவேண்டியதைக் கேட்டார். 1957-இல் அதே நீதிமன்றம், கல்லூரி ஃபுட்பால் வியாபாரத்தில் இல்லை, அதனால் அதற்கு எந்த லாபமும் இல்லை என்று சொல்லி அவர் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. ஒரு கணவர் இறந்துபோனார், இழப்பீடு இல்லை என்ற அந்த முடிவு அடுத்த அறுபது ஆண்டுகளுக்குக் கல்லூரி விளையாட்டின் அஸ்திவாரம் ஆனது.

அந்தக் காலத்தில் என்.சி.ஏ.ஏ.வின் தலைமை நிர்வாகியாக இருந்தவர் வால்டர் பையர்ஸ். 1951 முதல் 1980-களின் பிற்பகுதி வரை அந்தப் பதவியில் இருந்தவர். வீரர்களைத் தொழிலாளர்கள் என்று நீதிமன்றங்கள் கருதிவிடுமோ என்ற அச்சத்தில்தான் ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற தொடரை உருவாக்கி, எல்லா விதிப்புத்தகங்களிலும் கட்டாயமாக்கியதாக ஓய்வுபெற்ற பின் அவரே ஒப்புக்கொண்டார். வீரர்களைக் கட்டுப்படுத்தும் விதிகளை வகுத்தவரே கடைசியில் அவற்றைக் கடுமையாக விமர்சித்தார் என்பதை இந்த வரலாற்றின் மிக முக்கியமான சாட்சியமாக நான் கருதுகிறேன்.

1974 அக்டோபரில் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தின் கென்ட் வால்ட்ரெப், அலபாமா அணிக்கு எதிரான ஆட்டத்தில் கழுத்தெலும்பு முறிந்து செயலிழந்தார். பல்கலைக்கழகம் சில மாதங்கள் மருத்துவச் செலவை ஏற்றுவிட்டு நிறுத்திக்கொண்டது. 1990-களில் அவர் தொழிலாளர் இழப்பீடு கேட்டுப் போராடி முதலில் வென்றார்; பிறகு நீதிமன்றத்தில் தோற்றார்; 2000-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். உதவித்தொகை பெற்று ஆடியவர் ஊழியர் அல்ல என்பதே தீர்ப்பு. அந்த உதவித்தொகையும் 1973 முதல் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் ஒன்றாக மாற்றப்பட்டிருந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதாவது, பயிற்சியாளருக்கு ஒருவரைப் பிடிக்காவிட்டாலோ, அடிபட்டுப் பயனற்றவர் ஆகிவிட்டாலோ, அடுத்த ஆண்டு படிப்புக்கான பணம் வராமல் போகலாம். வேலைக்குரிய கட்டுப்பாடுகள் அனைத்தும் உண்டு, வேலைக்குரிய பாதுகாப்பு எதுவும் இல்லை என்ற நிலை அது.

இனி பணத்தின் கதை. ஃபுட்பால் ஆட்டங்களின் தொலைக்காட்சி ஒளிபரப்பை 1984 வரை என்.சி.ஏ.ஏ.தான் கட்டுப்படுத்தியது. எந்த அணி எத்தனை முறை தொலைக்காட்சியில் வரலாம் என்பதுகூட அதன் முடிவு. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அந்தக் கட்டுப்பாடு வணிகப் போட்டிச் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் ஒளிபரப்பு உரிமையைப் பல்கலைக்கழகங்களும், அவை சேர்ந்திருக்கும் கான்ஃபரன்ஸ் எனப்படும் கூட்டமைப்புகளும் தாங்களே விற்றன. கோடிக்கணக்கில் டாலர்கள் குவிந்தன. அதே தீர்ப்பில் நீதிபதி ஸ்டீவன்ஸ், கல்லூரி விளையாட்டின் தனித்தன்மையைக் காக்க வேண்டுமானால் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கக்கூடாது என்ற பொருளில் ஒரு வரி எழுதியிருந்தார். வழக்குக்குத் தேவைப்படாத அந்த ஒரு வரியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டே என்.சி.ஏ.ஏ. அடுத்த முப்பத்தேழு ஆண்டுகளை ஓட்டியது. பல்கலைக்கழகங்களுக்குச் சந்தை திறந்தது. அதே தீர்ப்பு வீரர்களுக்கு அதை மூடியது.

மூடியது எவ்வளவு கடுமையாக என்பதற்கு டெக்சஸின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் ஓர் உதாரணம். நன்கொடையாளர்கள் 13 வீரர்களுக்கு மொத்தம் சுமார் 61,000 டாலர் கொடுத்தது தெரியவந்ததும், 1987 பருவம் முழுவதற்கும் அந்த அணியை ஆடவிடாமல் தடை செய்தார்கள். 1988-இலும் அந்த அணி களம் இறங்கவில்லை. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரெஜ்ஜி புஷ், பணமும் சலுகைகளும் பெற்றார் என்ற குற்றச்சாட்டால், கல்லூரி ஃபுட்பாலின் மிக உயர்ந்த விருதான ஹைஸ்மன் கோப்பையை 2010-இல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. 2024-இல்தான் அது அவர் கைக்குத் திரும்பி வந்தது.

பணம் வாங்குவது குற்றம் என்று வீரர்களிடம் சொன்னவர்கள், வீரர்களை வைத்துத் தாங்கள் சம்பாதிப்பதை எப்படி நடத்தினார்கள் என்பதை 2013 ஆகஸ்டில் ஊரறியக் காட்டியவர், முன்னாள் கூடைப்பந்து வீரரும் வர்ணனையாளருமான ஜே பைலஸ். வீரர்களின் பெயரை வைத்து நாங்கள் எதையும் விற்பதில்லை என்பது என்.சி.ஏ.ஏ.வின் நிலைப்பாடு. பைலஸ் அதன் இணையக் கடையின் தேடுபெட்டியில் ‘மான்சியல்’ என்று தட்டினார். டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியின் ஜானி மான்சியல் அணியும் 2-ஆம் எண் ஜெர்சிகள் வரிசையாக வந்து நின்றன. சட்டையில் பெயர் இல்லை. ஆனால் பெயரைக் கேட்டால் சட்டை வருகிறது. அவர் ஒவ்வொரு வீரரின் பெயராகத் தட்டி, திரையில் வந்ததைப் படம்பிடித்து வெளியிடத் தொடங்கியதும், முதலில் தேடுபெட்டி காணாமல் போனது, பிறகு அந்த விற்பனையையே நிறுத்தினார்கள். அந்தச் சமயத்தில் மான்சியல், கையெழுத்திட்டுப் பணம் வாங்கினாரா என்று அதே என்.சி.ஏ.ஏ. விசாரித்துக்கொண்டிருந்தது.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமான யூ.சி.எல்.ஏ.வின் முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓ’பேனன், ஒரு வீடியோ கேமில் தன்னையே ஒத்த உருவம், தன் எண், தன் ஆட்டப்பாணியோடு ஆடுவதைப் பார்த்து 2009-இல் வழக்குத் தொடுத்ததும் இதே காரணத்தால்தான். 2014-இல் நீதிபதி கிளாடியா வில்கன் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். அந்த வகை ஃபுட்பால் கேம்களை ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2013-இலேயே நிறுத்திக்கொண்டு, பதினோரு ஆண்டுகள் கழித்து 2024-இல்தான் மீண்டும் கொண்டுவந்தது. இம்முறை சம்மதித்த வீரர் ஒவ்வொருவருக்கும் 600 டாலரும் ஒரு கேம் பிரதியும் கொடுத்தது. கொடுத்தால் விளையாட்டு அழிந்துவிடும் என்றார்கள். கொடுத்தார்கள், கேம் அமோகமாக விற்றது.

இந்த நீண்ட கதையில் எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர்கள் 2014-இல் எடுத்த முயற்சியின் முடிவு. அவர்கள் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதல் ஆட்டத்தை முன்னின்று நடத்தும் வீரர், கெய்ன் கோல்ட்டர், மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு கல்லூரிக்கு வந்தவர். தேவையான வேதியியல் வகுப்பு காலைப் பயிற்சி நேரத்தோடு மோதியதால் அதை எடுக்க முடியாமல், கடைசியில் உளவியலுக்கு மாறினார். படிப்பே முதன்மை, விளையாட்டு அதற்குத் துணை என்று கல்லூரிகள் மேடைதோறும் சொல்லிவந்த காலத்தில் நடந்தது இது. அவரும் அணியினரும் தொழிற்சங்கம் அமைக்க விண்ணப்பித்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது சம்பளம் அல்ல. மருத்துவப் பாதுகாப்பு, தலைக்காயங்களைக் குறைக்கும் ஏற்பாடு, உதவித்தொகைக்கு உத்தரவாதம் ஆகியவை.

தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் மண்டல இயக்குநர் அந்த வீரர்களின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை மணிக்கணக்கில் எடுத்துப் பார்த்தார். ஆகஸ்ட் மாதப் பயிற்சி முகாமில் வாரத்துக்கு 50 முதல் 60 மணி நேரம். ஆட்டப் பருவத்தில் 40 முதல் 50 மணி நேரம். வெளியே வேலைக்குப் போக வேண்டுமா, எந்தக் கார் ஓட்டுகிறார்கள், சமூக ஊடகத்தில் என்ன எழுதுகிறார்கள் என எல்லாவற்றிலும் பயிற்சியாளர்களின் கட்டுப்பாடு இருந்தது. இவர்கள் ஊழியர்களே என்று 2014 மார்ச்சில் அவர் தீர்ப்பளித்தார். ஏப்ரலில் வீரர்கள் வாக்களித்தார்கள். பல்கலைக்கழகம் மேல்முறையீடு செய்திருந்ததால் வாக்குப்பெட்டிக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். 2015 ஆகஸ்டில் மத்திய வாரியம், அவர்கள் ஊழியர்களா இல்லையா என்று சொல்லாமலேயே, இதில் தலையிடுவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. காரணம் இதுதான்: முதல் நிலை ஃபுட்பால் ஆடும் பல்கலைக்கழகங்களில் மிகப் பெரும்பாலானவை அரசுப் பல்கலைக்கழகங்கள், வாரியத்தின் அதிகாரம் தனியார் நிறுவனங்களுக்கு மட்டும், ஒரே ஒரு அணிக்குச் சங்கம் அமைந்தால் போட்டியின் சமநிலை கெடும். அந்த வாக்குகள் கடைசிவரை எண்ணப்படவே இல்லை.

அந்த வாக்கெடுப்பு நடந்த ஆண்டிலேயே, 2014 டிசம்பரில், எங்கள் மிச்சிகன் சட்டமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அரசுப் பல்கலைக்கழக விளையாட்டு வீரர்கள் அரசு ஊழியர்கள் அல்லர், ஆகவே ஊழியர் என்ற முறையில் சங்கமாகச் சேர்ந்து பேரம் பேசும் உரிமை அவர்களுக்கு இல்லை என்பதே அதன் சாரம். வாகனத் தொழிலாளர் சங்கம் பிறந்து வளர்ந்து, இந்த நாட்டின் நடுத்தர வர்க்கத்தையே உருவாக்கிய மாநிலம் இது. இங்கே அப்படி ஒரு சட்டம் வந்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. யாரும் கேட்காத ஒரு கோரிக்கைக்கு முன்கூட்டியே கதவைச் சாத்தி வைத்தார்கள்.

சாத்திய கதவை 2021-இல் உச்ச நீதிமன்றம் உடைத்தது. மேற்கு வர்ஜீனியாவின் முன்னாள் வீரர் ஷான் ஆல்ஸ்டன் பெயரிலான வழக்கில், கல்வி சார்ந்த உதவிகளுக்கு என்.சி.ஏ.ஏ. வைத்திருந்த உச்சவரம்பு செல்லாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தனியாக ஒரு கருத்து எழுதிய நீதிபதி கவனா, என்.சி.ஏ.ஏ. சட்டத்துக்கு அப்பாற்பட்டதல்ல என்று முடித்தார். 1984-இன் அந்த ஒரு வரிக் கேடயம் அன்றோடு உதிர்ந்தது. 2019-இலேயே கலிஃபோர்னியா ஒரு சட்டம் இயற்றிப் பாதை போட்டிருந்ததால், அடுத்த பத்து நாட்களில், 2021 ஜூலை 1 அன்று, வீரர்கள் தங்கள் பெயர், உருவம், தோற்றம் ஆகியவற்றை விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்ற என்.ஐ.எல். நடைமுறை நாடெங்கும் வந்தது. மாற விரும்பும் வீரர்கள் பெயரைப் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக அணி மாறுவதற்கிருந்த தடைகளும் நீதிமன்ற உத்தரவுகளால் ஒவ்வொன்றாக விழுந்து, 2024 முதல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது.

இதைத்தான் இன்று குழப்பம் என்கிறார்கள். குழப்பம் இருப்பது உண்மை. 2024 செப்டம்பரில் நெவாடாவின் லாஸ் வேகஸ் பல்கலைக்கழக அணி மூன்று ஆட்டங்களிலும் வென்று நிற்கும்போது, அதன் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூக்கா பருவத்தின் நடுவிலேயே விலகினார். துணைப் பயிற்சியாளர் ஒருவர் வாய்மொழியாக 1,00,000 டாலர் தருவதாகச் சொன்னார், கைக்கு வந்தது இடம் மாறிய செலவுக்கான 3,000 டாலர் மட்டுமே என்று அவர் தரப்பு சொன்னது. ஒப்புக்கொண்ட எதையும் தாங்கள் மீறவில்லை என்று பல்கலைக்கழகத் தரப்பு மறுத்தது. ஃபுளோரிடாவுக்கு வருவதாக இருந்த ஜேடன் ரஷாடா, 1 கோடியே 38 லட்சத்து 50 ஆயிரம் டாலர் ஒப்பந்தம் கைவிடப்பட்டதாகக் கூறி, அங்கிருந்த தலைமைப் பயிற்சியாளர் உள்ளிட்டோர் மீது 2024-இல் வழக்குத் தொடுத்தார். யார் சொன்னது சரி என்பதை நான் தீர்மானிக்க முடியாது. ஆனால் இப்படியான வழக்குகளில் திரும்பத் திரும்ப நான் காண்பது ஒன்றே. கொடுக்கவேண்டியவர் பல்கலைக்கழகம் அல்ல, நன்கொடையாளர்கள் நடத்தும் ஏதோ ஒரு குழு; வாக்குறுதி கொடுப்பவர் ஒருவர், பணம் வைத்திருப்பவர் வேறொருவர், கையெழுத்துப் போடும் பதினெட்டு வயதுப் பையனுக்குத் துணைக்கு நிற்க எந்தச் சங்கமும் இல்லை. என்.எஃப்.எல். போன்ற தொழில்முறைப் போட்டிகளில் முகவர்களுக்குத் தகுதிச் சான்று வழங்குவது வீரர்கள் சங்கம். இங்கே அதைச் செய்ய யாரும் இல்லை.

இந்த நிலையில்தான் ஹவுஸ் வழக்கின் உடன்பாடு வந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக நீச்சல் வீரர் கிரான்ட் ஹவுஸ் பெயரிலான அந்த வழக்கில், அதே நீதிபதி வில்கன் 2025 ஜூன் 6 அன்று இறுதி ஒப்புதல் அளித்தார். 2016 முதல் ஆடியவர்களுக்குப் பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய 280 கோடி டாலர் பின்தொகை. இனி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை தன் வீரர்களுக்குப் பகிரலாம். பெரிய கான்ஃபரன்ஸ்களின் சராசரி வருமானத்தில் 22 சதவீதம் என்பது அதன் கணக்கு. உதவித்தொகைக்கான எண்ணிக்கை வரம்பு போய், அணிக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு வந்தது, ஃபுட்பாலுக்கு 105. மற்ற தொழில்முறைப் போட்டிகளில் வீரர்களுக்கு வருமானத்தில் ஏறத்தாழப் பாதி போகிறது என்பதையும், அந்தப் பங்கு பேச்சுவார்த்தையில் முடிவானது என்பதையும் நினைத்தால், 22 சதவீதம் என்பதை யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. வழக்கறிஞர்கள் முடிவு செய்தார்கள். இன்னும் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் அடுத்த பத்தாண்டு வீரர்களும் அந்த வரம்புக்குள் அடங்கவேண்டும். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

உச்சவரம்பைக் கண்காணிக்க என்.சி.ஏ.ஏ.வுக்கு வெளியே காலேஜ் ஸ்போர்ட்ஸ் கமிஷன் என்ற புதிய அமைப்பைப் பெரிய கான்ஃபரன்ஸ்கள் தொடங்கின. 600 டாலருக்கு மேற்பட்ட ஒவ்வொரு மூன்றாம் தரப்பு ஒப்பந்தமும் அதன் பரிசீலனைக்கு வரவேண்டும். அது நியாயமான சந்தை மதிப்புதானா என்று டெலாய்ட் நிறுவனம் உருவாக்கிய முறை பார்த்துச் சொல்லும். தொடங்கிய மாதமே நன்கொடைக் குழுக்களின் ஒப்பந்தங்கள் செல்லுமா என்பதில் தகராறு வந்து, கமிஷன் தன் விளக்கத்தை மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில், கமிஷனின் முடிவுகளை எதிர்த்து வழக்குப் போடமாட்டோம் என்று பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட வேண்டும் என்றபோது, கையெழுத்திடாதீர்கள் என்று டெக்சஸ் மாநிலத் தலைமை வழக்கறிஞரே சொன்னார். உறுப்பினர்களே கட்டுப்படாத ஒரு விதியை வீரர்கள் மட்டும் ஏன் மதிக்க வேண்டும்?

ஆட்சிச் சண்டையின் மறுபக்கம் கான்ஃபரன்ஸ்களுக்கு இடையிலானது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வியப்பளிக்கும் ஒரு செய்தி: ஃபுட்பாலின் முதல் நிலைச் சாம்பியன் பட்டத்தை என்.சி.ஏ.ஏ. நடத்துவதே இல்லை. காலேஜ் ஃபுட்பால் பிளேஆஃப் என்ற அந்தப் போட்டி கான்ஃபரன்ஸ் ஆணையர்களின் கையிலும், எந்தக் கான்ஃபரன்ஸிலும் ஃபுட்பாலுக்குச் சேராத நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் கையிலும் இருக்கிறது. 2014 பருவத்தில் நான்கு அணிகளோடு தொடங்கி, 2024-இல் பன்னிரண்டாக விரிந்தது. அதன் ஒளிபரப்புக்கு ஈ.எஸ்.பி.என். ஆறு ஆண்டுகளுக்கு 780 கோடி டாலர் தருகிறது. 2026 முதல் போட்டி வடிவத்தைத் தீர்மானிப்பதில் எஸ்.ஈ.சி., பிக் டென் என்ற இரண்டு கான்ஃபரன்ஸ்களுக்கே பெரும் அதிகாரம்; வருமானத்தில் பெரும்பங்கும் அவற்றுக்கே. அந்த இரண்டுமே, தங்களுக்கு எத்தனை இடங்களை முன்கூட்டியே ஒதுக்குவது என்பதில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

இந்த வேட்டையில் பசிஃபிக் கரையின் நூறாண்டுப் பழமையான பேக்-12 கான்ஃபரன்ஸ் சிதறியது. 2022-இல் தெற்குக் கலிஃபோர்னியாவும் யூ.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன; அடுத்த ஆண்டு ஓரகனும் வாஷிங்டனும்; பசிஃபிக் கடலோரத்து ஸ்டான்ஃபோர்டு, அட்லாண்டிக் கரையின் பெயரைத் தாங்கிய கான்ஃபரன்ஸில் சேர்ந்தது. ஓரகன் மாநிலப் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் மட்டும் நடுத்தெருவில் நின்றன. சியாட்டிலில் படிக்கும் ஒரு வாலிபால் மாணவி இன்று ஆட்டத்துக்காக நியூ ஜெர்சிவரை ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் பறக்க வேண்டியிருக்கலாம். வீரர்கள் அணி மாறுவது பாரம்பரியத்தை அழிக்கிறது என்று வருந்துகிறவர்கள், பல்கலைக்கழகங்கள் மாறியதையும் அதே தராசில் வைக்கவேண்டும். பயிற்சியாளர்களையும்தான்: 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம், ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, வேலை செய்யாமலிருப்பதற்காக அவருக்குச் சேரவேண்டிய தொகை 7.5 கோடி டாலரைத் தாண்டியது. ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்ததால் அவர் அதைக் கேட்டு வாங்க முடிந்தது.

எதிர்த்தரப்பின் கவலைகளில் ஒன்றை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஃபுட்பால் வருமானத்தில்தான் நீச்சல், மல்யுத்தம், ஜிம்னாஸ்டிக்ஸ், தடகளம் எல்லாம் நடக்கின்றன. அமெரிக்காவின் ஒலிம்பிக் பதக்கங்களில் பெரும்பகுதி இந்தக் கல்லூரி அணிகளிலிருந்து வருகிறது. ஃபுட்பால் வீரருக்குக் கொடுத்தால் அந்த அணிகளை மூடிவிடுவார்கள் என்கிறார்கள். பெண்களின் பங்கு பற்றிய கேள்வி அதைவிட நேரடியானது. பின்தொகையில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகும்படி கணக்கிட்டது, கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் 1972-இன் டைட்டில் நைன் சட்டத்துக்கு முரணானது என்று எட்டு வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள். அதனால் பின்தொகை வழங்குவது தள்ளிப்போனது. இவை தீர்க்கவேண்டிய கேள்விகளே. ஆனால் இவற்றைத் தீர்ப்பதற்கும் வீரர்கள், வீராங்கனைகள் அனைவரின் பிரதிநிதிகளும் உட்காரும் ஒரு மேசை வேண்டும். இல்லாததால்தான் ஒவ்வொருவரும் தனித்தனியே நீதிமன்றப் படியேறுகிறார்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு செய்தியையும் சொல்லவேண்டும். சென்னையில் பயிற்சி பெற்று வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு ஆண்டுகளிலும் என்.சி.ஏ.ஏ. டென்னிஸ் ஒற்றையர் பட்டம் வென்றார். அந்த வழியில் டென்னிஸ், ஸ்குவாஷ் உதவித்தொகையோடு பிள்ளைகளை அனுப்பும் கனவு நம்மவர் பலருக்கு உண்டு. ஆனால் எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர்களின் வேலை உரிமை மிகக் குறுகியது. விளம்பர வருமானம் வேலையாகக் கருதப்படலாம் என்பதால், சக வீரர்கள் சம்பாதிக்கும்போது இவர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். காங்கோவிலிருந்து வந்து கென்டக்கிக்கு ஆடிய கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் சிப்வே, 2022-இல் அணி பஹாமாஸுக்குப் போனபோது, அமெரிக்க மண்ணுக்கு வெளியே இருக்கும் அந்தச் சில நாட்களில் தன் விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். உதவித்தொகைக் கடிதம் வந்ததும், பணம் எதையும் தொடுவதற்கு முன்னால் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். விசாவை இழந்தால் படிப்பும் போய்விடும்.

பல்கலைக்கழகங்களும் கான்ஃபரன்ஸ்களும் இப்போது நம்பியிருப்பது நாடாளுமன்றத்தை. பிரதிநிதிகள் அவையின் ஸ்கோர் மசோதா மூன்று காரியங்களைச் செய்ய முயல்கிறது. விதிகள் வகுப்பவர்களுக்கு வணிகப் போட்டிச் சட்டத்திலிருந்து பாதுகாப்பு. மாநிலச் சட்டங்களுக்கு மேலான ஒரே சட்டம். வீரர்களை ஊழியர்கள் என்று கருதுவதற்குத் தடை. 2025 டிசம்பரில் போதிய ஆதரவு இல்லாமல் அதன் மீதான வாக்கெடுப்பைக் கைவிட்டார்கள். முதல் இரண்டையும் பற்றிப் பேசலாம். மூன்றாவதை ஏற்கவே முடியாது என்பதே என் நிலை. ஏனென்றால் முதலாவதாகக் கேட்கும் பாதுகாப்பு ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. தொழிலாளர் சங்கத்தோடு பேசி எழுதும் ஒப்பந்தத்தில் சம்பள உச்சவரம்பு, அணி மாறுவதற்கான காலம், அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை எதை வைத்தாலும் அது வணிகப் போட்டி வழக்குகளிலிருந்து விலக்குப் பெறும். என்.எஃப்.எல். அப்படித்தான் தன் உச்சவரம்பை நடத்துகிறது.

இதை உள்ளே இருப்பவர்களே சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். டென்னஸி பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர் டேனி வைட், கூட்டுப் பேச்சுவார்த்தைதான் வழி என்று 2025-இல் வெளிப்படையாகவே பேசினார். வில்லனோவா பல்கலைக்கழகத்தின் முன்னாள் வீரர் டிரே ஜான்சன் தொடுத்த வழக்கில், கல்லூரி வீரர்கள் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின்படி ஊழியர்களாக இருக்கக்கூடும் என்று மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லி, எந்த அளவுகோலில் அதைப் பார்க்கவேண்டும் என்றும் வகுத்துக் கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. தடைகள் சிறியவை அல்ல. பல தென் மாநிலங்களில் அரசு ஊழியர்கள் கூட்டாகப் பேரம் பேசவே சட்டம் இடம் கொடுப்பதில்லை, மிச்சிகனில் 2014-இன் சட்டம் அப்படியே இருக்கிறது. அவற்றை மாற்றுவது மாநிலச் சட்டமன்றங்களின் வேலை.

கல்லூரி ஃபுட்பால் ஆடுகிறவர்களில் தொழில்முறை அணிகளுக்குப் போகிறவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு என்று என்.சி.ஏ.ஏ.வே கணக்கிட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு முழங்காலிலும் முதுகிலும் தலையிலும் பட்ட அடியோடு வேறு வாழ்க்கை தொடங்குகிறது. ஆட்டத்தில் அடிபட்டவருக்குக் கல்லூரி முடிந்த பின் குறைந்தது இரண்டு ஆண்டு மருத்துவச் செலவை முதல் நிலைப் பல்கலைக்கழகங்கள் ஏற்கவேண்டும் என்ற விதி 2024 ஆகஸ்டில்தான் வந்தது. டெனிசனின் மனைவி நீதிமன்றத்துக்குப் போய் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து. அந்த இரண்டு ஆண்டு போதாது. பத்து ஆண்டாகவாவது ஆக்கவேண்டும், தலைக்காயத்துக்கு வயது வரம்பே இருக்கக்கூடாது. மேசை ஒன்று அமையுமானால் சம்பளத்துக்கு முன்னால் அங்கே முதலில் வைக்கவேண்டிய கோரிக்கை இது என்று நான் கருதுகிறேன். நார்த்வெஸ்டர்ன் வீரர்களும் இதைத்தான் முதலில் வைத்தார்கள்.